லண்டன் கொலை, அமெரிக்க இயக்குநர், ஹாலிவுட் பணம்: இதை எப்படி பிரிட்டிஷ் படம் என்கிறோம்?

மாட்டுங்கா மீனாட்சி கேட்கிறார்:

வணக்கம். மாட்டுங்காவில் நாங்கள் ஒரு சின்னத் திரைப்பட வட்டம் நடத்துகிறோம். கிங்ஸ் சர்க்கிள், வடாலா, சயான் பக்கத்துத் தமிழர்கள்தான் பெரும்பாலும் வருவார்கள். மாதம் ஒரு படம், அப்புறம் காபியோடு பேச்சு. அடுத்த மாதம் "10 ரில்லிங்டன் பிளேஸ்" (1971) போடுகிறோம். படத்துக்கு முன்னால் நான் கொஞ்ச நேரம் பேச வேண்டும்.

கதை தெரியாதவர்களுக்கு: 1949, லண்டன் நாட்டிங் ஹில். ஒரு வாடகை வீட்டின் கீழ்த்தளத்தில் ஜான் கிறிஸ்டி. மேல்மாடியில் வேல்ஸிலிருந்து வந்த டிமதி எவன்ஸ், மனைவி பெரில், கைக்குழந்தை ஜெரால்டின். தாயும் குழந்தையும் கொல்லப்படுகிறார்கள். குழந்தையைக் கொன்றதாக எவன்ஸை 1950 மார்ச் 9 அன்று தூக்கில் போடுகிறார்கள். அந்த வழக்கில் அரசுத் தரப்பின் முக்கிய சாட்சியே கிறிஸ்டிதான். மூன்று வருடம் கழித்து அதே வீட்டில் வேறு பெண்களின் உடல்கள் கிடைக்கின்றன. கிறிஸ்டி தொடர்ந்து கொலை செய்து வந்தவன் என்று ஊருக்குத் தெரிகிறது. 1953 ஜூலை 15-ல் அவனுக்கும் தூக்கு. எவன்ஸுக்கு அரச மன்னிப்பு கிடைத்தது 1966-ல்.

"பிரிட்டிஷ் நிஜக் குற்றப் படம்" என்று நோட்டீஸில் போட்டேன். எங்கள் வட்டத்தில் ஒரு மாமா உடனே பிடித்துக்கொண்டார். இயக்குநர் ரிச்சர்ட் ஃபிளெய்ஷர் அமெரிக்கர், வெளியிட்டது ஹாலிவுட் கம்பெனியான கொலம்பியா, எந்தக் கணக்கில் இது பிரிட்டிஷ் என்கிறார். மூடுபனி, தேநீர், தொப்பி வைத்த போலீஸ்காரர் என்று பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஜாக் த ரிப்பரை வைத்து எடுத்த "ஃப்ரம் ஹெல்" (2001) படத்தில் இதெல்லாம் நிறையவே உண்டு. வைட்சேப்பல் தெருவைப் பிராகில் செட் போட்டு, அமெரிக்கச் சகோதரர்கள் இருவர் இயக்கினார்கள். எனக்கு அதில் லண்டனே தட்டுப்படவில்லை. ஆனால் ஃபிளெய்ஷர் படத்தில் ஒவ்வொரு காட்சியும் அந்த ஊர்க்காரர்கள் எடுத்ததாகவே தோன்றுகிறது. எது இந்த வித்தியாசத்தை உண்டாக்குகிறது?

இன்னொன்றும் மனதில் ஓடுகிறது. நம் "நாயகன்" பம்பாய்க் கதை. தாராவியின் பெரும்பகுதியை மதராஸில் செட் போட்டு எடுத்தார்கள். அதை எந்த ஊர்ப் படம் என்று சொல்வது? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

தாராவி கணேசன் (செட் வேலை) எழுதுகிறார்:

மீனாட்சிம்மா, நான் கோரேகாவ் ஃபிலிம் சிட்டியில் கலைத்துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். எந்தப் படம் பார்த்தாலும் ஆட்களுக்கு முன்னால் சுவரைத்தான் பார்ப்பேன். அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ரில்லிங்டன் பிளேஸ் ஒரு முட்டுச் சந்து. கோடியில் தொழிற்சாலைச் சுவர், அதற்கு மேலே புகைபோக்கி. பக்கத்திலேயே ரயில் பாதை. மூன்று தளத்துக் குடித்தனங்களுக்கும் சேர்த்துப் பின்கட்டில் ஒரே கக்கூஸ், ஒரு துணி துவைக்கும் அறை. குளியலறை கிடையாது. மேல்மாடிப் பெண் பின்கட்டுக்கு இறங்கினால் கிறிஸ்டியின் கதவைத் தாண்டித்தான் போக வேண்டும். லால்பாக், பரேல் பக்கம் சாலில் (வரிசை அறைக் குடித்தனங்களில்) குடியிருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. யார் எப்போது இறங்கினார்கள், யார் வீட்டில் சண்டை, யாருக்கு வாடகை பாக்கி என்று கீழ்வீட்டுக்காரருக்குத் தெரியாதது எதுவும் இருக்காது. கிறிஸ்டிக்கு அந்த வீட்டில் இருந்த பலமே அதுதான்.

படத்தை எடுத்ததும் அந்தத் தெருவிலேயேதான். கொலைகளால் கெட்டுப்போன பெயரை 1954-ல் ரஸ்டன் க்ளோஸ் என்று மாற்றியிருந்தார்கள். 10-ம் எண் வீட்டில் அப்போதும் ஆட்கள் குடியிருந்ததால் அதே தெருவில் வேறொரு வீட்டைப் பயன்படுத்தினார்கள். படப்பிடிப்பு முடிந்த பிறகு தெருவையே இடித்துவிட்டார்கள். அந்தச் சுவர்களின் ஈரத்தைப் பாருங்கள். நாங்கள் செட்டில் சுவரைப் பழையதாக்க டீத்தூள் தண்ணீர், கரி, மண் என்று என்னென்னவோ அடிப்போம். எவ்வளவு அடித்தாலும் கை படுகிற இடத்தில் மட்டும் எண்ணெய்ப் பிசுக்கு ஏறியிருக்கிற அந்தப் பழமை வராது. இந்தப் படத்தின் மாடிப்படிக் கைப்பிடிச் சுவரில் அது இருக்கிறது.

அப்புறம் வால்பேப்பர். 1953 மார்ச்சில் கிறிஸ்டி வீட்டைக் காலி செய்து போன பிறகு, மாடியில் குடியிருந்த கரீபியன்காரர் ஒருவர் கீழ்ச் சமையலறையைப் பயன்படுத்திக்கொள்ள வருகிறார். ரேடியோ வைக்கச் சுவரில் ஒரு தாங்கி அடிக்க இடம் பார்க்கிறார். தட்டினால் வெற்று ஓசை. காகிதத்தைக் கொஞ்சம் கிழித்து, டார்ச் அடித்துப் பார்க்கிறார். உள்ளே ஒரு மாடம், அதில் ஒரு பெண்ணின் முதுகு. மூன்று உடல்களை அங்கே வைத்து, மேலே வால்பேப்பர் ஒட்டியிருந்தான் கிறிஸ்டி. ஒரு அரசாங்கத்தின் போலீஸும் நீதிமன்றமும் கண்டுபிடிக்காததை, அந்த ஊருக்குப் புதிதாக வந்து, வாடகைக்கு இடம் கிடைப்பதே கஷ்டமாக இருந்த ஒரு மனிதர் ரேடியோ மாட்டப் போய்க் கண்டுபிடித்தார். போருக்குப் பிந்தைய லண்டன் முழுக்க இந்த ஒரு சமையலறைக்குள் வந்துவிடுகிறது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். என்னைக் கேட்டால், ஒரு குற்றப் படத்துக்கு ஊர் அமைவது அதில் யார் பேச்சை யார் நம்புகிறார்கள் என்பதில்தான். கிறிஸ்டியாக நடித்த ரிச்சர்ட் அட்டன்பரோ (நமக்கு "காந்தி" எடுத்தவராகத் தெரிந்தவர்) கிட்டத்தட்ட கிசுகிசுப்பாகவே பேசுகிறார். நிஜக் கிறிஸ்டியின் குரலும் அப்படித்தான். முதல் உலகப் போரில் நச்சுவாயு பட்டதால் குரல் போனதாகச் சொல்லிக்கொள்வான். கண்ணாடி, சுத்தமான சட்டை, அளந்த பேச்சு. இரண்டாம் உலகப் போரின்போது ரிசர்வ் போலீஸாக வேலை பார்த்தவன். அதற்கு முன்பே திருட்டுக்கும் தாக்குதலுக்கும் சிறை போனவன், அதைச் சரிபார்க்காமலேயே சீருடை கொடுத்திருக்கிறார்கள். எதிரே ஜான் ஹர்ட் நடித்த எவன்ஸ். படிக்கத் தெரியாத பையன், வேல்ஸ் உச்சரிப்பு, குடித்தால் சவடால், வாய் திறந்தால் கொஞ்சம் பொய். கருக்கலைப்பு சட்டவிரோதமாக இருந்த காலம். அங்கே சட்டம் வந்தது 1967-ல்தான். பெரிலுக்கு உதவுகிறேன், எனக்கு மருத்துவம் தெரியும் என்று கிறிஸ்டி ஒரு புத்தகத்தை விரித்துக் காட்டுகிறான். படிக்கத் தெரியாத எவன்ஸ் அந்தப் படங்களைப் பார்த்துத் தலையாட்டுகிறான். அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

யார் கௌரவமானவர், யார் இல்லை என்பதை உச்சரிப்பையும் உடையையும் வைத்து ஒரு நொடியில் எடைபோடும் சமூகம் அது. அந்த எடையை நம்பித்தான் போலீஸ், வக்கீல், ஜூரி எல்லோரும் நடக்கிறார்கள். படமும் அதையேதான் விசாரிக்கிறது. கொலைகாரன் யார் என்பதை முதல் காட்சியிலேயே காட்டிவிடுகிறார்கள், பார்த்தீர்களா? மிச்சப் படம் முழுக்க, இவனை ஏன் எல்லோரும் நம்புகிறார்கள் என்ற கேள்விதான் ஓடுகிறது.

ஃபிளெய்ஷர் இதற்கு மூன்று வருடம் முன்பு அமெரிக்காவில் "தி பாஸ்டன் ஸ்ட்ராங்லர்" (1968) எடுத்தார். அதுவும் நிஜ வழக்குதான். திரையை நாலாக, ஆறாகப் பிரித்து ஒரே நேரத்தில் நகரம் முழுவதும் பரவும் பயத்தைக் காட்டினார். பெண்கள் பூட்டு வாங்குகிறார்கள், பத்திரிகைகள் அலறுகின்றன, போலீஸ் நூற்றுக்கணக்கானவர்களைப் பிடித்து விசாரிக்கிறது. கடைசியில் வெள்ளை அறையில் கொலைகாரன் மனதுக்குள் நுழைகிறார்கள். அதே மனிதர் லண்டனுக்கு வந்ததும் அதையெல்லாம் கீழே வைத்துவிட்டார். கேமரா வீட்டை விட்டு அதிகம் நகர்வதில்லை. கிறிஸ்டி ஏன் இப்படி ஆனான் என்று ஒரு வரிகூடக் கிடையாது. கதை கேட்டதை அவர் கொடுத்தார் என்பேன். கதை அந்த ஊருடையது, எழுதிய கிளைவ் எக்ஸ்டன் அந்த ஊர்க்காரர், ஆதாரமான புத்தகம் லூடோவிக் கென்னடி என்ற பிரிட்டிஷ் பத்திரிகையாளர் எவன்ஸுக்கு நியாயம் கேட்டு 1961-ல் எழுதியது. நடித்தவர்களும் அந்தக் கோபத்தோடுதான் நடித்தார்கள். அட்டன்பரோ தூக்குத் தண்டனைக்கு எதிரானவர்.

காலத்தையும் பாருங்கள். அங்கே கடைசித் தூக்கு 1964 ஆகஸ்டில். 1965-ல் சோதனையாக நிறுத்தி, 1969 டிசம்பரில்தான் நிரந்தரமாக எடுத்தார்கள். 1970-ல் இந்தப் படத்தை எடுக்கும்போது, திரும்பக் கொண்டு வா என்று சொல்கிறவர்கள் நிறைய இருந்தார்கள். படத்தில் எவன்ஸ் தூக்கிலிடப்படும் காட்சிக்கு ஆலோசனை சொன்னவர் ஆல்பர்ட் பியர்பாயிண்ட். எவன்ஸையும் கிறிஸ்டியையும் நிஜமாகவே தூக்கில் போட்டவர். கதவு திறப்பதிலிருந்து பலகை விழுவதுவரை சில நொடிகள்தான். பின்னணி இசை இல்லை, அழுகை இல்லை, கடைசி வார்த்தை இல்லை. ஒரு அலுவலக வேலை முடிந்த மாதிரி முடிந்துவிடுகிறது. உங்கள் மாமாவிடம் அந்தக் காட்சியை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள்.

கோட்டை வக்கீல் எழுதுகிறார்:

கணேசன் அண்ணாச்சி சொன்ன "யார் பேச்சை நம்புகிறார்கள்" என்பதைச் சட்டத்தின் பக்கத்திலிருந்து கொஞ்சம் பிடித்துக்கொள்கிறேன். மும்பை செஷன்ஸ் கோர்ட்டில் குற்ற வழக்குகள் நடத்துகிறவன் நான்.

எவன்ஸ் தானாகவே வேல்ஸில் மெர்த்தர் டிட்ஃபில் காவல் நிலையத்துக்குப் போய், மனைவியின் உடலை வீட்டுக்கு வெளியே சாக்கடையில் போட்டுவிட்டேன் என்றான். லண்டன் போலீஸ் போய்ப் பார்த்தது. சாக்கடை மூடியைத் தூக்கவே மூன்று போலீஸ்காரர்கள் வேண்டியிருந்தது. உள்ளே ஒன்றுமில்லை. தனியாக ஒருவன் செய்திருக்கவே முடியாத காரியத்தை இவன் ஏன் சொல்கிறான் என்று அங்கேயே நின்று யோசித்திருக்க வேண்டும். அப்புறம் கிறிஸ்டியைக் கைகாட்டினான். பிறகு துவைக்கும் அறையில் உடல்கள் கிடைத்து, லண்டனுக்குக் கொண்டுவந்து, துணிகளைக் காட்டிக் கேட்டபோது இரண்டு கொலைகளையும் செய்ததாக ஒப்புக்கொண்டான். அந்த வாக்குமூலம் நீதிமன்றத்துக்கு வந்தது. ஜூரி 40 நிமிடத்தில் முடித்துக்கொண்டது.

இப்போது நம் பக்கம் பாருங்கள். 1872-ல் பிரிட்டிஷார் நமக்கு எழுதிக்கொடுத்த சாட்சியச் சட்டத்தின் 25-ம் பிரிவு, போலீஸ் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்கவே கூடாது என்கிறது. இந்திய போலீஸை நம்ப முடியாது என்பது அவர்கள் எண்ணம். தங்கள் ஊர்ப் போலீஸை நம்பினார்கள். 2024 ஜூலை முதல் புதிய சட்டம் வந்தும் அந்த விதி 23-ம் பிரிவாக அப்படியே இருக்கிறது. எவன்ஸ் பம்பாயில் பிடிபட்டிருந்தால் அந்த வாக்குமூலங்களை ஜூரி பார்த்தே இருக்காது. எந்த நாட்டுக் குற்றப் படம் என்பதை நான் இங்கேதான் பார்ப்பேன். நம் படங்களில் லாக்கப் அடி வரும், அப்புறம் குற்றவாளியை அழைத்துப்போய்க் கத்தியை எடுத்துக்காட்டச் சொல்லிச் சாட்சிகள் முன்னால் பஞ்சநாமா என்ற பதிவை எழுதுவார்கள், அந்தப் பஞ்ச சாட்சி கோர்ட்டில் பல்டி அடிப்பார். ஏனென்றால் வாக்குமூலம் செல்லாது, அதை வைத்துக் கண்டெடுத்த பொருள் செல்லும். பிரிட்டிஷ் படத்தில் ஒரு மேசை, ஒரு அதிகாரி, ஒரு பேனா. அவர் எழுதுகிறார், இவன் கையெழுத்துப் போடுகிறான். எழுத்துக்கூட்டிப் படிக்கவே தெரியாதவன் அந்தக் கையெழுத்தைப் போடுகிறான்.

இன்னொன்று. 1925-ம் வருடச் சட்டப்படி அங்கே நீதிமன்றத்துக்குள் படம் எடுக்கக் கூடாது, உட்கார்ந்து வரையவும் கூடாது. ஓவியர்கள் பார்த்துவிட்டு வெளியே வந்து நினைவிலிருந்து வரைவார்கள். கிரௌன் கோர்ட்டில் நீதிபதி தண்டனை வாசிப்பதைக் கேமராவில் காட்டத் தொடங்கியதே 2022 ஜூலையில்தான். அமெரிக்கக் குற்ற ஆவணப்படங்களில் விசாரணை வீடியோ ஓடிக்கொண்டே இருக்கிறதே, அது அங்கே கிடையாது. அதற்குப் பதிலாக அவர்களிடம் அச்சிட்ட விசாரணைப் பதிவுகள் உண்டு. "நோட்டபிள் பிரிட்டிஷ் டிரையல்ஸ்" என்ற வரிசையில் எவன்ஸ், கிறிஸ்டி வழக்குகள் சேர்ந்து ஒரே தொகுதியாக 1957-ல் வந்தன. கேள்விக்குக் கேள்வி, பதிலுக்குப் பதில் அதில் இருக்கிறது. காகிதத்திலிருந்து எடுப்பதால் பிரிட்டிஷ் கோர்ட் காட்சிகளில் பேச்சு கூராகவும் அசைவு குறைவாகவும் இருக்கிறது.

படத்தைப் போடுகிறவர்கள் ஒன்றைச் சொல்லிவிடுங்கள் மேடம். படம் கென்னடியின் கட்சி. 1966-ல் நீதிபதி பிராபின் நடத்திய விசாரணை, எவன்ஸ் மனைவியைக் கொன்றிருக்கவே வாய்ப்பு அதிகம், குழந்தையைக் கொன்றிருக்க வாய்ப்பு குறைவு என்றுதான் முடிவு சொன்னது. தண்டனை கொடுத்தது குழந்தைக்காக என்பதால் மன்னிப்புக் கிடைத்தது. கென்னடி சொன்னதைத்தான் நானும் நம்புகிறேன். ஆனாலும் பார்வையாளருக்கு இது தெரிய வேண்டும்.

அந்தேரி புரொடக்‌ஷன் அக்கவுண்ட்ஸ் எழுதுகிறார்:

மாமா கேட்ட "எந்தக் கணக்கில்" என்பதற்கு நிஜமாகவே ஒரு கணக்கு இருக்கிறது. லண்டனில் படப்பிடிப்பு வைக்கும் நம் ஊர்ப் படங்களுக்குக் கணக்குப் பார்த்ததால் தெரியும். பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிடியூட் ஒரு "கலாசாரத் தேர்வு" வைத்திருக்கிறது. 2007-லிருந்து வரிச்சலுகையோடு சேர்ந்து வந்தது. இப்போதைய வடிவத்தில் மொத்தம் 35 புள்ளி, 18 எடுத்தால் பிரிட்டிஷ் படம் என்று சான்றிதழ். கதை நடக்கும் இடத்துக்கு 4, பாத்திரங்களுக்கு 4, கதைப்பொருளுக்கு 4, வசன மொழிக்கு 6. இதுவே 18 வந்துவிட்டது. மிச்சப் புள்ளிகள் கலாசாரப் பங்களிப்பு, படப்பிடிப்பு நடந்த இடம், வேலை பார்த்தவர்கள் என்று போகும். இயக்குநர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும், லண்டனில் நடந்த லண்டன்காரர்கள் கொலையை ஆங்கிலத்தில் எடுத்தால் தேறிவிடலாம்.

ஆனால் மீனாட்சி அக்கா, இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால் பிராக் செட் படமும் உள்ளடக்கத்தில் 18 வாங்கிவிடும். உங்களுக்கு அதில் லண்டன் தெரியவில்லை என்றீர்களே, அதை அளக்க இந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. 1971 படத்துக்கு இந்தத் தேர்வே கிடையாது. அப்போது டிக்கெட்டில் ஒரு சிறு தொகை பிடித்து பிரிட்டிஷ் தயாரிப்புகளுக்குத் திருப்பிக் கொடுக்கும் ஈடி (Eady) என்ற வரி இருந்தது, 1985 வரை. அதற்காகவே ஹாலிவுட் கம்பெனிகள் லண்டனில் கிளை வைத்துப் படம் எடுத்தன. அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் படங்களில் அமெரிக்கப் பணம் இருப்பது சாதாரணம்.

செம்பூர் சேகர் எழுதுகிறார்:

நான் மாறுபடுகிறேன். நீங்கள் எல்லோரும் தூக்கு மேடையையே பிரிட்டிஷ் அடையாளமாக ஆக்கிவிட்டீர்கள். ரூத் எல்லிஸ் பற்றிய "டான்ஸ் வித் எ ஸ்ட்ரேஞ்சர்" (1985), டெரெக் பென்ட்லி பற்றிய "லெட் ஹிம் ஹாவ் இட்" (1991), பியர்பாயிண்ட் பற்றியே வந்த 2005 படம் என்று வரிசை கட்டினால் அப்படித்தான் தோன்றும். எல்லிஸ், பென்ட்லி, எவன்ஸ், கிறிஸ்டி நாலு பேரையும் தூக்கில் போட்டது அந்த ஒரே பியர்பாயிண்ட், ஓல்டம் பக்கம் மதுக்கடை நடத்திக்கொண்டிருந்தவர். சரி, 1964-க்குப் பிறகு நடந்த குற்றங்களின் படங்களை என்ன செய்வீர்கள்?

க்ரே சகோதரர்களை எடுத்துக்கொள்ளுங்கள். கிழக்கு லண்டன் ரௌடி இரட்டையர். 1990-ல் வந்த "தி க்ரேஸ்" படத்தில் மையமே அம்மா வயலட். மகன்கள் கொலைக்குத் திட்டம் போடும்போது அம்மா தேநீர் கொண்டுவருகிறாள். அந்தப் படத்தையும் பென்ட்லி படத்தையும் இயக்கியவர் பீட்டர் மெடாக், 1956-ல் புடாபெஸ்டிலிருந்து தப்பி வந்த ஹங்கேரி அகதி. அதே இரட்டையரை வைத்து 2015-ல் அமெரிக்கரான பிரையன் ஹெல்கலாண்ட் "லெஜண்ட்" எடுத்தார். டாம் ஹார்டி இரட்டை வேடம், பளபள கோட்டு, கிளப், பாட்டு. ஊர் லண்டன்தான், உடம்பில் ஓடுவது நியூயார்க் கேங்ஸ்டர் படத்தின் ரத்தம். இவற்றில் கோர்ட்டோ தூக்கோ முக்கியமில்லை. லண்டன் நகைக்கடைப் பகுதியான ஹாட்டன் கார்டனில் முதியவர்கள் அடித்த கொள்ளை, 2015 ஈஸ்டர் விடுமுறையில் நடந்தது, அதன் தலைவர் முதியோர் பஸ் பாஸில் ஏறிக் கொள்ளையடிக்கப் போனார். அதையும் படமெடுத்தார்கள். இதையெல்லாம் உங்கள் வரையறை வெளியே தள்ளிவிடுகிறதே அண்ணாச்சி.

தாராவி கணேசன் எழுதுகிறார்:

சேகர் தம்பி, வெளியே தள்ளவில்லை, நீங்கள் சொன்னதே உள்ளே கொண்டுவருகிறது. க்ரே சகோதரர்கள் ஏன் அவ்வளவு காலம் வெளியே திரிந்தார்கள்? 1964-ல் ஒரு பத்திரிகை, பிரபு ஒருவருக்கும் ஒரு ரௌடிக்கும் தொடர்பு என்று எழுதியது. லார்ட் பூத்பி மறுத்துக் கடிதம் எழுதினார். பத்திரிகை மன்னிப்புக் கேட்டு 40,000 பவுண்டு கொடுத்தது. அதற்கப்புறம் அவர்களைத் தொட எந்தப் பத்திரிகைக்கும் தைரியம் வரவில்லை. பிரபு சொன்னால் நம்பினார்கள். வேல்ஸ் வேன் டிரைவர் எவன்ஸ் சொன்னால் நம்பவில்லை. அதேதான். இரட்டையர் அந்த இறுக்கமான கோட்டுகளைத் தைத்துப் போட்டதும் அதற்குத்தான். மெடாக் அதைத் தெரிந்து எடுத்தார். நாட்டை விட்டு ஓடி வந்தவருக்கு அந்த ஊர் யாரை மதிக்கிறது என்று கூர்ந்து பார்க்கத் தெரிந்திருக்கிறது. ஹெல்கலாண்ட் படத்தில் கோட்டு வெறும் அழகாக இருக்கிறது.

பென்ட்லி வழக்கிலும் அதே. 1952 நவம்பரில் குரோய்டன் கிடங்கு மொட்டைமாடியில் கான்ஸ்டபிள் மைல்ஸைச் சுட்டது 16 வயது கிரெய்க். வயது போதாததால் அவனைத் தூக்கில் போட முடியாது. அறிவு வளர்ச்சி குறைந்த 19 வயது பென்ட்லியை, அதற்கு முன்பே போலீஸ் பிடியில் நின்றுகொண்டிருந்தவனை, 1953 ஜனவரியில் தூக்கில் போட்டார்கள். சுடச் சொல்லிக் கத்தினான் என்று போலீஸ்காரர்கள் சத்தியம் செய்தார்கள், பையன்கள் இரண்டு பேரும் இல்லை என்றார்கள். ஜூரி கருணை காட்டச் சொல்லியும் உள்துறை அமைச்சர் கேட்கவில்லை. தீர்ப்பு ரத்தானது 1998-ல். அதற்காகப் பல வருடம் அலைந்த அக்கா ஐரிஸ் அதற்கு முந்தைய வருடம் செத்துப்போனார். பஸ் பாஸ் கொள்ளைக்காரர்களைப் பற்றி நீங்கள் சொன்னது மட்டும் எனக்கு இதில் அடங்கவில்லை, அது வேறு வகை. விட்டுவிடுகிறேன்.

மீனாட்சிம்மா, "நாயகன்" பற்றிக் கேட்டீர்கள். தோட்டா தரணி அந்த செட்டுக்காகத் தேசிய விருது வாங்கினார். தாராவியிலேயே பிறந்து வளர்ந்த நான் பார்த்தபோது தகரக் கூரையில் வைத்திருந்த கல்கூடச் சரியாக இருந்தது. ஆனால் அது பம்பாய்த் தமிழர் படமாக எனக்குப் பட்டது அதனால் இல்லை. தமிழ்ப் பையன் போலீஸ் ஸ்டேஷனில் போய் நியாயம் கேட்டால் அந்த மொழியில் அவனுக்குப் பதில் கிடைக்காது, அதனால் வேலு வீட்டு வாசலில் போய் நிற்கிறார்கள். இது மதராஸில் நடக்காது, லண்டனில் வேறு மாதிரி நடக்கும்.

மாட்டுங்கா மீனாட்சி எழுதுகிறார்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அண்ணாச்சி, வக்கீல் சார், நீங்கள் இருவரும் சொன்னதில் என் பேச்சு கிட்டத்தட்ட அமைந்துவிட்டது. மூன்று பேர் சேர்ந்து தூக்கிய சாக்கடை மூடியிலிருந்து தொடங்கப்போகிறேன். 35 புள்ளிக் கணக்கை மாமாவுக்கென்று தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். பிராபின் முடிவையும் படம் தொடங்கும் முன்பே சொல்லிவிடுவேன்.

சேகர், உங்கள் க்ரே படத்தை அதற்கு அடுத்த மாதம் போடலாமா என்று வட்டத்தில் கேட்கிறேன். "லெஜண்ட்" படத்திலிருந்தும் சில காட்சிகள் போட்டு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பேசினால் நன்றாக இருக்கும். நீங்களே வந்து பேசுங்கள்.

அண்ணாச்சி, முடிந்தால் நேரில் வாருங்கள். அந்த மாடிப்படிக் கைப்பிடிச் சுவர் வரும் இடத்தில் படத்தை நிறுத்துகிறேன், நீங்கள் எழுந்து காட்ட வேண்டும். வர நினைக்கும் மற்றவர்களுக்கு: படத்தில் கைக்குழந்தையின் கொலை வருகிறது, கருக்கலைப்பு என்ற பெயரில் நடக்கும் கொலையும் வருகிறது. சின்னப் பிள்ளைகளை அழைத்து வர வேண்டாம்.